கடல் கடந்துபோன தகப்பன்மாரைப் பற்றிய ஒரு ராக் பாடல்

பிங்க் ஃபிளாய்ட் என்ற ஆங்கிலேய ராக் இசைக்குழுவின் ‘தி வால்’ (சுவர்) இசைத்தொகுப்பு 1979ஆம் ஆண்டு நவம்பர் 30 அன்று வெளிவந்தது. அதில் பள்ளிப் பிள்ளைகள் சேர்ந்து பாடும் ‘அனதர் பிரிக் இன் தி வால்’ பாடலின் இரண்டாம் பகுதியைத்தான் பலரும் அறிவார்கள். நான் பகிர விரும்புவது அதற்குச் சற்று முன்னால், டிரம்ஸ் இல்லாமல், அடங்கிய குரலில் வரும் முதல் பகுதியைப் பற்றியது.

ஜூன் 21, உலக இசை நாளையொட்டிப் புதுச்சேரித் தெருக்களில் குழுக்கள் வாசிப்பது வழக்கம். அப்படியொரு மாலையில் கல்லூரி மாணவர்கள் சிலர் வாசிக்கத்தான் இதை முதன்முதலாகக் கேட்டேன். கடலைத் தாண்டிப் போய்விட்ட தகப்பனையும், வீட்டில் மிஞ்சிய ஒரு புகைப்படத்தையும் பற்றிப் பாடுகிறவர், எனக்கென்று என்ன வைத்துவிட்டுப் போனீர்கள் என்று அவரையே கேட்கிறார்.

நான் கடலூர் முதுநகரில் வளர்ந்தவன். அப்பா குவைத்தில் வெல்டராக வேலை பார்த்தார். தொலைபேசிக் கட்டணம் எங்களுக்குக் கட்டுப்படியாகாத காலம் அது என்பதால், கேசட்டில் பேசி, விடுமுறையில் ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்தனுப்புவார். அம்மா என்னை டேப் ரெக்கார்டரின் முன்னால் உட்காரவைத்துப் பதில் பேசச் சொல்வார். அரையாண்டுத் தேர்வு எப்படி எழுதினாய் என்று அப்பா கேட்டிருப்பார். அந்தக் கேசட் எங்களை வந்தடைவதற்குள் முழுஆண்டுத் தேர்வே முடிந்திருக்கும். அவருடைய குரலுக்குப் பின்னால் அறையில் உடன் தங்கியிருந்தவர்களின் இருமலும் பாத்திரச் சத்தமும் கேட்கும். அவற்றைக்கூட நான் மனப்பாடமாக வைத்திருந்தேன். அந்தப் பாடலில் கிட்டாரின் ஒலி எதிரொலித்துத் தாமதமாகத் திரும்பிவருவது எனக்கு அந்தக் கேசட் பேச்சைப் போலவே இருந்தது.

பாடலை எழுதிப் பாடிய ரோஜர் வாட்டர்ஸ் 1943 செப்டம்பரில் பிறந்தார். அவருக்கு ஐந்து மாதம் நிரம்பியிருந்தபோது, 1944 பிப்ரவரி 18 அன்று, இத்தாலியின் ஆன்சியோ போர்முனையில் அவருடைய தந்தை எரிக் ஃபிளெட்சர் வாட்டர்ஸ் கொல்லப்பட்டார். உடல் கிடைக்கவில்லை. ஆனால் இந்த முதல் பகுதியில் போர் என்றோ சாவு என்றோ எதுவும் சொல்லப்படுவதில்லை. தகப்பன் கடல் கடந்து போனார் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். உயிரோடு இருக்கும் தகப்பனுக்காக ஏங்கியவர்களும் இதைத் தங்கள் பாடலாகக் கேட்க முடிவது இதனால்தான் என்று நம்புகிறேன். மாதம் தவறாமல் பணம் வருகிறதே, உனக்கென்ன குறை என்று உறவினர்கள் கேட்டுக்கொண்டிருந்த வீட்டில், அந்த ஏக்கத்தை நான் வாய்விட்டுச் சொன்னதே இல்லை.

அன்று என்னருகில் நின்று கேட்ட பெரியவர் ஒருவர், தம் தகப்பனார் பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து இந்தோசீனாவுக்குப் போனவர் என்றும், தமக்கு நினைவு தெரிந்த பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்ததாகவும் சொன்னார். எங்கள் ஊர்க்காரர்கள் வளைகுடாவுக்குப் போவதற்கு ஒரு தலைமுறை முன்பே புதுச்சேரியில் இப்படிப்பட்ட வீடுகள் இருந்திருக்கின்றன.

‘தி வால்’ தொகுப்பில் நான் உடன்படாத ஓர் இடமும் உண்டு. இசைத்தட்டின் அதே முதல் பக்கத்தின் கடைசியில் வரும் ‘மதர்’ பாடலில், மகனைப் பொத்திப் பொத்தி வளர்த்து அவனைச் சுற்றிச் சுவர் எழும்பத் துணைநிற்பவளாகத் தாய் காட்டப்படுகிறாள். வாட்டர்ஸின் தாயார் ஆசிரியையாக வேலை பார்த்துக்கொண்டே கேம்பிரிட்ஜில் இரண்டு மகன்களை வளர்த்தவர் என்பதை அறிந்த பிறகு, அந்தச் சித்திரம் எனக்கு இன்னும் கடுமையாகவே படுகிறது. எங்கள் வீட்டில் அப்பாவுக்கும் எனக்கும் நடுவில் சுவர் எழும்பாமல் பார்த்துக்கொண்டவர் அம்மாதான். நான் முறைத்துக்கொண்டு பேச மறுத்த நாட்களிலும் டேப் ரெக்கார்டரை ஓடவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து, நான் வாய் திறக்கும்வரை காத்திருப்பார்.