மந்திரிமனைப் பழைய படத்தை மவுஸ் பேட்டில் அச்சிடுவது பற்றி

நல்லூர்ப் பேரன்:
வணக்கம். 1962ஆம் ஆண்டு அப்பப்பா எடுத்த, யாழ்ப்பாணத்து நல்லூரிலுள்ள மந்திரிமனை என்னும் பழைய கட்டடத்தின் கறுப்பு வெள்ளைப் படத்தை, கனடாவில் இருக்கும் பெரியப்பாவின் எழுபதாவது பிறந்தநாளுக்கு மவுஸ் பேட்டாக அச்சிட்டு அனுப்ப விரும்பினேன். படம் 14 சென்ரிமீற்றர் அகலமும் 9 சென்ரிமீற்றர் உயரமும் உடையது. நகரிலுள்ள ஒரு கடை தந்த பிரதியில் சாம்பல் நிறமெல்லாம் பச்சையோடிக் கிடக்கிறது. அதைவிட, இடது ஓரத்தில் சைக்கிளைப் பிடித்தபடி நின்ற ஏழு வயதுப் பெரியப்பா வெட்டுப்பட்டு, அவருடைய ஒரு கை மட்டுமே மிஞ்சியிருக்கிறது. கீழே 'சங்கிலிய மன்னன் அரண்மனை' என்றும் அவர்களாகவே பொறித்துவிட்டார்கள். இதை எப்படித் திருத்துவது?

அச்சுக்கூடம்:
தம்பி, வெட்டுப்பட்டதற்குக் காரணம் அளவுதான். மவுஸ் பேட் பெரும்பாலும் 22க்கு 18 சென்ரிமீற்றர் அளவில் வரும். உயரம் 18 நிரம்பும்படி படத்தைப் பெருப்பித்தால் அகலம் 28 ஆகிவிடும்; பக்கத்துக்கு 3 சென்ரிமீற்றர் வெளியே போய்விடும். அகலத்தை 22க்குப் பொருத்தினால் உயரம் 14 சென்ரிமீற்றரளவில் நிற்கும், முழுப் படமும் கிடைக்கும், மீதி வெள்ளைப் பட்டையாக இருக்கும். மூலப் படத்தை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) ஸ்கான் செய்தால் போதுமானது.

பச்சை விடயம் வேறு. சப்ளிமேஷன் முறையில் மை ஏறத்தாழ 190 முதல் 200 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஆவியாகிப் பொலியெஸ்டர் துணிக்குள் ஏறுகிறது. சாம்பல் நிறத்தைப் பல வண்ண மைகள் சேர்ந்தே உண்டாக்குவதால், அவற்றின் விகிதம் சற்றுப் பிசகினாலும் கறுப்பு வெள்ளைப் படத்தில் உடனே தெரிந்துவிடும். ஆகவே முதலில் சிறு துண்டுத் துணியில் அச்சிட்டு, பகல் வெளிச்சத்தில் பார்த்த பின்னரே முழுப் பிரதிக்குச் சம்மதியுங்கள்.

ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியர்:
படத்தின் கீழே பொறித்த தலைப்பை அவசியம் மாற்றுங்கள். கடைசி மன்னன் சங்கிலியன் ஆண்ட யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயரிடம் வீழ்ந்தது 1619இல். புகைப்படக்கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839இல். இரண்டுக்குமிடையே 220 ஆண்டுகள் இருப்பதால், சங்கிலியன் வாழ்ந்த அரண்மனையை எந்தக் கமராவும் கண்டிருக்க முடியாது. இன்று நாம் காணும் மந்திரிமனைக் கட்டடம் ஐரோப்பியப் பாணியும் உள்ளூர்ப் பாணியும் கலந்து பிற்காலத்தில் எழுந்தது. அரசிருக்கையின் நினைவை நல்லூரிலுள்ள சங்கிலித்தோப்பு என்னும் இடமும் யமுனா ஏரி என்னும் பழைய குளமும் சுமக்கின்றன என்பது உண்மையே. ஆனாலும் மந்திரிமனையை அதன் சொந்தப் பெயரால் அழைப்பதில் ஒரு குறைவும் இல்லை. அந்தப் பெயரே போதிய பெருமை உடையது என்பது என் எண்ணம்.

நல்லூர்ப் பேரன்:
நன்றி ஐயா, நன்றி அண்ணா. படத்தின் பின்புறத்தில் அப்பப்பா பென்சிலால் 'மந்திரிமனை, 1962' என்று எழுதியிருக்கிறார். 'ம'வின் சுழி மட்டும் மங்கிவிட்டது. அந்தக் கையெழுத்தையே வெள்ளைப் பட்டையில் இடலாமா?

அச்சுக்கூடம்:
தாராளமாக இடலாம். பின்புறத்தையும் சாம்பல் நிறத்தில் ஸ்கான் செய்து, எழுத்தை மட்டும் சற்றுக் கருமையாக்குங்கள். மங்கிய சுழியைப் புதிதாக வரைந்து நிரப்ப வேண்டாம். பட்டையைக் கீழே விடாமல் மேலே விடுங்கள். கீழ்ப்பக்கத்தில் மணிக்கட்டு ஓயாமல் உராய்வதால் அங்கேதான் முதலில் அழுக்கும் எண்ணெயும் ஏறும்.