புதுப்பிப்பு: வேளச்சேரியா, நங்கநல்லூரா? முடிவு செய்துவிட்டோம்

கிண்டியில் வேலை, அம்மாவோடு குடிபோக இந்த இரண்டில் எந்த ஏரியா நல்லது என்று கேட்டிருந்தேன். நங்கநல்லூருக்கே போகிறோம்.

வேளச்சேரி வீடு நல்ல விசாலம், ஆனால் தரைத்தளம். பக்கத்து வீட்டு அக்காவிடம் விசாரித்தேன். 2015 வெள்ளத்தில் தண்ணீர் நின்ற உயரத்தை ஜன்னல் கம்பியில் கைவைத்துக் காட்டினார். அம்மாவுக்கு முழங்கால் வலி. அதோடு அந்தப் பேச்சை விட்டோம். வீடு பார்ப்பவர்கள் புரோக்கரைவிட அக்கம்பக்கத்தாரிடம் கேளுங்கள், தயவுசெய்து.

நங்கநல்லூரில் முதல் தளம், லிஃப்ட் உண்டு. போர் தண்ணீர்தான் சரியில்லை. வாளி ஓரமெல்லாம் பழுப்புக் கறை. குடிக்க கேன் வாங்க வேண்டும். ஆனால் நங்கநல்லூர் ரோடு மெட்ரோவில் ஏறினால் ஆலந்தூர், அடுத்தது கிண்டி. பழவந்தாங்கலில் மின்சார ரயிலும் இருக்கிறது.

அட்வான்ஸ் பத்து மாத வாடகை கேட்டார்கள். வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம். அதை மரியாதையாக எடுத்துச் சொன்னோம், ஐந்துக்கு இறங்கினார்கள். அப்புறம், கரண்டுக்குத் தனி மீட்டர் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியாயிற்று. அடுத்த மாதம் பால் காய்ச்சுகிறோம்.