பழைய ஜிப்ஸி: தரையில் சொட்டே இல்லை, கூலன்ட் மட்டும் குறைகிறது

ஆழியாறுக்காரன்:
2006 ஜிப்ஸி கிங், 1.3 பெட்ரோல், எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டர் இல்லாத, இன்ஜெக்டர் வண்டி). வாரத்துக்கு அரை லிட்டர் போல ரேடியேட்டரில் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) குறைகிறது. ஆனால் ரிசர்வ் டேங்க் ஃபுல் கோட்டை விட்டு இறங்குவதே இல்லை. வால்பாறை ஏறி வண்டியை நிறுத்தினால் லேசாக இனிப்பு வாசனை வரும், தரையில் ஒரு சொட்டு கிடையாது. போன வாரம் ஏற்றத்தில் டெம்பரேச்சர் முள் திடீரென்று கீழே போய்த் திரும்ப ஏறியது. ஆயில் சுத்தமாக இருக்கிறது, வெள்ளைப் புகை இல்லை, ஹோஸ்களில் ஈரம் இல்லை. ஹெட் பேக்கிங் (இன்ஜின் பிளாக்குக்கும் மேலே உள்ள ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் கேஸ்கட்) போய்விட்டது, ஹெட்டை இறக்கணும் என்கிறார் மெக்கானிக். அதற்கு முன்னால் என்னென்ன பார்க்க வேண்டும்?

பதினாலாம்நம்பர்ஸ்பேனர்:
முதலில் அந்த முள். ஏற்றத்தில் முள் இறங்கினால் இன்ஜின் குளிர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. தண்ணீர் மட்டம் இறங்கி, சென்சார் காற்றில் நிற்கிறது. அலுமினிய ஹெட், அலுமினிய பிளாக். இந்த நிலையில் இரண்டு கொண்டை ஊசி அழுத்தி ஏறினாலே ஹெட் வளைந்துவிடும். காரணம் தெரியும்வரை மலைக்கு எடுக்காதீர்கள்.

ரிசர்வ் டேங்க் குறையாமல் ரேடியேட்டர் மட்டும் குறைவதுதான் நல்ல துப்பு. ரேடியேட்டர் மூடியில் இரண்டு வால்வு உண்டு. பெரியது சூட்டில் திறந்து கூலன்டை ரிசர்வுக்குத் தள்ளும். நடுவில் இருக்கும் சின்ன வால்வு, இன்ஜின் ஆறும்போது அதைத் திரும்ப இழுக்கும். சின்னது ஒட்டிக்கொண்டாலோ, ரேடியேட்டர் கழுத்திலிருந்து ரிசர்வுக்குப் போகும் மெல்லிய குழாய் வெடித்திருந்தாலோ திரும்பி வராது. எங்காவது கசிவு இருந்தாலும் இதே கதைதான், கூலன்டுக்குப் பதில் அந்த ஓட்டை வழியே காற்றை இழுத்துக்கொள்ளும். அதனால் புது மூடி போடுங்கள், 0.9 கிலோ அழுத்தம் என்று மேலே அச்சடித்திருக்கும். கழுத்தின் உள்விளிம்பில் பள்ளமோ உப்போ இருந்தால் புது மூடியும் பிடிக்காது. விரல் விட்டுத் தடவிப் பாருங்கள்.

நீலமலைஜீப்:
மூடியோடு நிற்க வேண்டாம், பிரஷர் டெஸ்ட் பண்ணிவிடுங்கள். ரேடியேட்டர் கடைகளில் கை பம்ப் இருக்கும். இன்ஜின் முழுக்க ஆறிய பிறகு ரேடியேட்டரை விளிம்புவரை நிரப்பி, பம்பை மாட்டி 0.9 வரை ஏற்றி, பதினைந்து நிமிஷம் விடணும். அதற்கு மேல் ஏற்றினால் பழைய ரேடியேட்டரின் ஓரம் பிளந்துவிடும். சூட்டில் பார்த்தால் சின்னக் கசிவு வந்தவுடனே ஆவியாகிவிடும், அதனால்தான் உங்களுக்குத் தரையில் ஒன்றும் தெரியவில்லை. குளிர்ந்த இன்ஜினில் அது ஈரமாகவே நிற்கும்.

பம்பின் பிரஷர் முள் இறங்கினால் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டிய இடங்கள்: இன்டேக் மேனிஃபோல்டுக்கு (சிலிண்டர்களுக்குக் காற்று போகும் குழாய்த்தொகுதி) அடியில் ஓடும் இரும்புக் குழாய் (வெளியே பெயின்ட் இருக்கும், உள்ளே துரு தின்றிருக்கும்), தெர்மோஸ்டாட் (சூடேறியதும் திறந்து கூலன்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) மூடியின் விளிம்பு, டைமிங் கவரின் அடிப்பக்கம். ஹீட்டர் உள்ள வண்டி என்றால் டாஷுக்குக் கீழே தரைவிரிப்பைத் தூக்கிப் பாருங்கள், பிசுபிசுப்பாக இருந்தால் ஹீட்டர் கோர் (ஹீட்டருக்குள் இருக்கும் குட்டி ரேடியேட்டர்) கசிகிறது. இந்த இன்ஜினில் கூலன்ட் இன்டேக் மேனிஃபோல்டுக்குள்ளும் ஓடுகிறது. அந்த பேக்கிங் போனால் வெளியே எதுவும் தெரியாது, காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு சிலிண்டர் தடுமாறிப் பிறகு சரியாகிவிடும்.

ஹெட் பேக்கிங்கா என்று உறுதி செய்ய ஹெட்டை இறக்கத் தேவையில்லை. ரேடியேட்டர் வாயில் வைக்கும் நீலத் திரவ டெஸ்டர் இருக்கிறது. எரிந்த வாயு கூலன்டில் கலந்தால் நீலம் மஞ்சளாகும். நிறம் மாறாவிட்டால் ஹெட்டை விட்டுவிட்டு மற்றதைத் தேடுங்கள். ஆயில் மூடிக்கு அடியில் வெண்ணெய் மாதிரி இருந்தால் உடனே பயப்பட வேண்டாம். மலையில் குறைந்த தூரம் ஓட்டும் வண்டிகளில் வெறும் ஈரப்பதமே அப்படிப் படியும். டிப்ஸ்டிக்கிலும் அதே நிறம் என்றால்தான் கவலை.

டீசல்மணம்:
லாரிக்காரர்கள் மஞ்சள்தூள் போட்டே அடைத்துவிடுவார்கள். ரெண்டு ஸ்பூன் போட்டுப் பாருங்களேன்.

பதினாலாம்நம்பர்ஸ்பேனர்:
நடுக்காட்டில் மாட்டிக்கொண்டு ஊர் வந்து சேர வேறு வழியில்லை என்றால் சரி. வீட்டு வாசலில் நிற்கும் வண்டிக்கு வேண்டாம். மஞ்சளோ, கடையில் விற்கும் லீக் பவுடரோ, ஓட்டை எது, ட்யூப் எது என்று பார்க்காது. ஹீட்டர் கோரும் ரேடியேட்டரின் மெல்லிய ட்யூப்களும்தான் முதலில் அடைபடும். கசிவு நின்றிருக்கும், சூடு ஏற ஆரம்பித்திருக்கும்.

ஆழியாறுக்காரன்:
பார்த்தாச்சு. நீலத் திரவம் நிறம் மாறவில்லை. பிரஷர் 0.9-லிருந்து பத்து நிமிஷத்தில் 0.6. டைமிங் கவரின் கீழ் விளிம்பில் பச்சையாக ஈரம், பக்கத்தில் காய்ந்த வெள்ளை உப்பு.

நீலமலைஜீப்:
அப்படியென்றால் வாட்டர் பாடி, அதாவது கூலன்டைச் சுற்றவிடும் வாட்டர் பம்ப். உள்ளே சீல் தேய்ந்தால் வீப் ஹோல் (கசிவை வெளியே விடும் சின்னத் துளை) வழியாக வெளியே விடும். அந்தத் துளை டைமிங் கவருக்குப் பின்னால் இருக்கிறது. வழிவதை ஃபேன் காற்று சூடான இன்ஜின் மேலேயே அடித்து உலர்த்திவிடுகிறது, வாசனை அங்கிருந்துதான்.

வேலை கஷ்டமில்லை, ஆனால் டைமிங் பெல்ட்டைக் (கிராங்க், கேம் ஷாஃப்ட்டுகளை இணைத்துச் சுற்றும் பெல்ட்) கழற்றியே ஆகணும். பேட்டரி நெகட்டிவ், கூலன்ட், ஃபேனும் அதைச் சுற்றியுள்ள ஷ்ரவுடும் (பிளாஸ்டிக் கூடு), வி-பெல்ட், பம்ப் புல்லி என்று வரிசையாக எடுங்கள். கிராங்க் புல்லிக்குச் சுற்றியுள்ள சின்ன போல்ட்டுகள் போதும், நடு போல்ட்டைத் தொட வேண்டாம். கவரை எடுத்ததும் கேம், கிராங்க் இரண்டின் குறிகளையும் நேராக்கி, வெள்ளை பெயின்டால் அடையாளம் வைத்த பிறகே பெல்ட்டை எடுக்கணும். கூலன்ட் பட்ட பெல்ட்டைத் திரும்பப் போடாதீர்கள். டென்ஷனர் பேரிங்கும் கேம், கிராங்க் ஆயில் சீல்களும் இதே நேரத்தில் மாற்றிவிட்டால் இன்னொரு தடவை திறக்க வேண்டியதில்லை.

பலர் தவறவிடுவது இது: பம்புக்கும் ஆயில் பம்புக்கும் நடுவில் ஒன்று, பம்புக்கும் ஹெட்டுக்கும் நடுவில் ஒன்று என இரண்டு குட்டி ரப்பர் துண்டுகள். பழையவை பம்போடு சேர்ந்து வந்துவிடும், புதுப் பெட்டியில் சில சமயம் இருக்காது. கடையிலேயே கேட்டு வாங்குங்கள். பேக்கிங் முகத்தை பிளாஸ்டிக் ஸ்க்ரேப்பரால் சுரண்டுங்கள், அலுமினியத்தில் எமரி வேண்டாம். சிலிகானை அப்பாதீர்கள், பிதுங்கி உடைந்த துண்டு தெர்மோஸ்டாட்டில் போய் உட்காரும். பம்ப் போல்ட்டுகள் 10 எம்எம் தலை, சுமார் 1 கிலோகிராம்-மீட்டர் டார்க்தான் (முறுக்கும் அளவு, 10 நியூட்டன்-மீட்டர் போல). ராட்செட்டில் உடம்பைப் போட்டு இழுத்தால் பிளாக்கில் மரை போய்விடும். மாட்டியதும் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, கிராங்க்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, குறிகள் திரும்ப நேராக வருகின்றனவா என்று பாருங்கள்.

பதினாலாம்நம்பர்ஸ்பேனர்:
நிரப்பும்போது கவனம். மொத்தம் 5 லிட்டர் சுற்றுதான் பிடிக்கும். டிஸ்டில்டு வாட்டரால் அலசிய பிறகு அந்தத் தண்ணீரில் கொஞ்சம் பிளாக்கிலேயே தங்கிவிடும், அதனால் ரெடிமிக்ஸ் (ஏற்கெனவே தண்ணீர் கலந்த கூலன்ட்) வேண்டாம். கான்சென்ட்ரேட் (தண்ணீர் கலக்காத கூலன்ட்) 2.5 லிட்டரை முதலில் ஊற்றி, மீதியை டிஸ்டில்டு வாட்டரால் நிரப்பினால் பாதிக்குப் பாதி வரும். போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம், உப்பு படியும்.

முன் சக்கரங்கள் மேட்டில் இருக்க நிறுத்தி, ஹீட்டர் லீவரைச் சூட்டுப் பக்கம் தள்ளி, மூடியைத் திறந்தபடி ஐடிலில் விடுங்கள். மேல் ஹோஸ் சூடானால் தெர்மோஸ்டாட் திறந்துவிட்டது. கீழ் ஹோஸை நாலைந்து தடவை பிசைந்து, குமிழ் நிற்கும்வரை மேலே ஊற்றுங்கள். மறுநாள் காலை ஆறிய பிறகு திறந்து பார்த்தால் இன்னும் கொஞ்சம் இறங்கியிருக்கும், அதையும் நிரப்புங்கள். சூட்டில் மூடியில் கை வைக்காதீர்கள்.

வடித்த பழைய கூலன்டைத் திறந்த பக்கெட்டில் விட்டு வைக்க வேண்டாம். இனிப்பாக இருப்பதால் நாய் நக்கிவிடும், கொஞ்சமே போதும் செத்துப்போக.