'டேக் தி ஏ ட்ரெய்ன்': நான்கு ஊதுகருவிக்கு எழுதும்போது ஸ்ட்ரேஹார்னின் நிறம் வருவது எப்படி?

கட்டைவிரல்:
கைவசம் இருப்பது ஆல்டோ சாக்ஸ், டெனர் சாக்ஸ், டிரம்பெட், டிராம்போன். கூடவே பியானோ, பேஸ், டிரம்ஸ். 'டேக் தி ஏ ட்ரெய்ன்' என்ற ஜாஸ் பாட்டை, டியூக் எல்லிங்டன் குழுவின் 1941 ஒலிப்பதிவின் வடிவத்தை ஒட்டி இவற்றுக்கு எழுத வேண்டும். நான்கு ஊதுகருவிகளையும் மெலடிக்குக் கீழே கோர்டாக அடுக்கினால் மந்தமாகிவிடுகிறது. 3, 4-ஆம் பார்களில் (தாள அளவுகளில்) வரும் டி7 கோர்ட் பிசகாகக் கேட்கிறது. இன்னொரு சந்தேகம்: இதில் குழுத்தலைவர் எல்லிங்டன் கை எவ்வளவு, அவரோடு இசையமைத்த பில்லி ஸ்ட்ரேஹார்ன் கை எவ்வளவு? ஆல்பங்களில் இரண்டு பெயரும் சேர்ந்தே வருவதால் குழப்பம்.

அடிநாதம்:
முதலில் அடுக்குவதை நிறுத்துங்கள். மூலத்தில் 5 சாக்ஸபோன்கள் இருந்தும் மெலடியை ஒரே குரலில்தான் வாசிக்கின்றன. ம்யூட் (ஒலியை மட்டுப்படுத்தும் அடைப்பு) போட்ட பித்தளைக் கருவிகள் இடைவெளியில் பதில் சொல்கின்றன. அந்தத் தெளிவுக்கு இதுதான் காரணம். ஆகவே முதல் சுற்றில் (பாட்டு முழுதாக முதல்முறை வரும்போது) ஆல்டோவும் டெனரும் ஒரே மெலடி. டிரம்பெட், டிராம்போன் இரண்டும் ம்யூட் போட்டுச் சின்னச் சின்னப் பதில்கள். மெலடி நீண்ட சுரத்தில் நிற்கும்போது மட்டும் பதில் வரட்டும். மெலடி நகரும்போது பித்தளை மௌனம்.

டி7-க்கு வருவோம். அங்கே மெலடி ஜி ஷார்ப்பில் நிற்கிறது. உங்கள் பியானோக்காரர் வழக்கமான டி7-ஐப் பிடித்து ஏ சுரத்தையும் சேர்த்திருப்பார். மெலடியோடு அரைச் சுர இடைவெளியில் அது மோதுவதால்தான் பிசகு. ஏ-யை எடுத்துவிடுங்கள். கடைசிச் சுற்றில் நால்வரையும் சேர்த்து அடுக்குவதானால் கீழிருந்து மேலாக இப்படி: டிராம்போன் எஃப் ஷார்ப், டெனர் சி, ஆல்டோ ஈ, டிரம்பெட் ஜி ஷார்ப். டி-யை பேஸ் பார்த்துக்கொள்ளும். நான்குமே முழுச்சுர வரிசைக்குள் (ஒவ்வொரு படியும் ஒரு முழுச்சுர இடைவெளி) அடங்குகின்றன. தொடக்கத்தில் பியானோ வாசிக்கும் 4 பார் முன்னுரையும் அதே வரிசையில் பிறந்ததுதான். (கடைசிச் சுற்று ஈ ஃப்ளாட்டில் என்பதால் இந்த அடுக்கை அப்படியே ஒன்றரைச் சுரம் ஏற்றிக்கொள்ளுங்கள்.)

பார்ட் (ஒவ்வொருவருக்குமான இசைத்தாள்) எழுதும்போது ஒரு எச்சரிக்கை. ஆல்டோவில் எழுதும் சுரம் ஒன்று, ஒலிக்கும் சுரம் வேறு; பாட்டு சி மேஜரில் ஒலிக்க அதன் பார்ட் ஏ மேஜரில் இருக்கும். அந்த ஜி ஷார்ப் அவருக்கு ஈ ஷார்ப்பாக விழும். பார்த்த மாத்திரத்தில் வாசிப்பவர் தடுமாறுவார். எஃப் நேச்சுரல் என்றே எழுதிக்கொடுங்கள். டெனருக்கும் டிரம்பெட்டுக்கும் அதே சுரம் ஏ ஷார்ப்பாக விழும்; அது வேண்டாம், பி ஃப்ளாட்.

ஏடும்இசையும்:
யார் கை என்ற கேள்விக்கு: இந்தப் பாட்டைப் பொறுத்தவரை இசையும் ஸ்ட்ரேஹார்னுடையது, அரேஞ்ச்மென்டும் (கருவிகளுக்குப் பிரித்து எழுதியதும்) அவருடையதே. எல்லிங்டன் பிறந்தது 1899, ஸ்ட்ரேஹார்ன் 1915. பிட்ஸ்பர்க்கில் 1938 டிசம்பரில் சந்தித்தார்கள். நியூயார்க்கில் ஹார்லெமின் ஷுகர் ஹில்லுக்கு எந்த ரயிலில் வருவது என்று எல்லிங்டன் சொன்ன வழியிலிருந்து இந்தப் பாட்டு வந்தது. 1941-இன் தொடக்கத்தில் ஆஸ்கேப் உரிமைச் சங்கத்துக்கும் வானொலி நிலையங்களுக்கும் தகராறு; சங்க உறுப்பினரான எல்லிங்டனின் பாடல்களை ஒலிபரப்ப முடியவில்லை. உறுப்பினராக இல்லாத ஸ்ட்ரேஹார்னும் எல்லிங்டனின் மகன் மெர்ஸரும் எழுதியவற்றை வைத்துத்தான் குழு நின்றது. அவ்வாண்டு பிப்ரவரி 15 ஒலிப்பதிவு அந்தச் சூழலில் வந்தது. பிறகு குழுவின் முத்திரைப் பாட்டே இதுவானது.

மற்ற படைப்புகளுக்கு ஆல்பத்தில் அச்சான பெயரை நம்பிப் பயனில்லை. கையெழுத்துப் பிரதிதான் சாட்சி. எல்லிங்டனின் தாள்கள் ஸ்மித்சோனியனில் இருக்கின்றன, ஸ்ட்ரேஹார்னுடையவை அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில். வால்டர் வான் டி லூர் என்ற ஆய்வாளர் இந்தத் தாள்களில் இருவர் கையெழுத்தையும் பிரித்துக் காட்டிய பிறகே பல விஷயங்கள் தெளிந்தன. 'ஃபார் ஈஸ்ட் சூட்' என்ற இசைத்தொகுப்பில், ஈரானிய நகரின் பெயரோடு வரும் 'இஸ்ஃபஹான்' ஓர் உதாரணம். 1963-இல் இந்தியா, இலங்கை, ஈரான் எனப் பல நாடுகளுக்குப் போன பயணத்தில் பிறந்ததாகத் தோன்றும். உண்மையில் பயணத்துக்கு முன்பே 'எல்ஃப்' என்ற பெயரில் ஸ்ட்ரேஹார்ன் எழுதி வைத்திருந்தார். அவரை 'உதவியாளர்' என்று இன்னமும் எழுதுகிறார்களே, அது பெரிய அநியாயம்.

கட்டைவிரல்:
ஏ-யை எடுத்ததும் டி7 தெளிந்துவிட்டது, மிக்க நன்றி. சி-யிலிருந்து ஈ ஃப்ளாட்டுக்கு மாறும் இடைப்பகுதி இன்னும் சரியாக வரவில்லை. எல்லோரும் வேறு வேறு இடத்தில் இறங்குகிறார்கள். இன்னொன்று, ஆல்டோக்காரர் கிளாரினெட்டும் வாசிப்பார். பயன்படுத்தலாமா?

நாலுபார்:
அந்த இடைப்பகுதியின் 4 பாரில் ஊதுகருவிகளின் உச்சரிப்பு மும்மூன்று தட்டாக விழுகிறது, அடியில் 4/4 ஓடுகிறது. டிரம்மர் ஊதுகருவிகளோடு சேர்ந்து மூன்றாக அடித்தால் எல்லோருக்கும் ஒன்றாம் தட்டு தொலைந்துவிடும். ஹை-ஹாட் (காலால் இயக்கும் ஜோடித் தாளம்) 2, 4-ஆம் தட்டுகளில் மாறாமல் விழட்டும், பேஸ் நாலு தட்டும் நடக்கட்டும். முதலில் பேஸும் ஹை-ஹாட்டும் மட்டும் வைத்து, ஊதுகருவிகளை 16 தட்டையும் வாய்விட்டு எண்ணச் சொல்லுங்கள், பிறகு ஊதட்டும். வேகம் நிமிடத்துக்கு 160-க்குப் பக்கத்தில். அதைத் தாண்டினால் ஸ்விங் இறுகிவிடும்.

கிளாரினெட்டை இந்தப் பாட்டில் தொடவேண்டாம், ஆல்டோவின் ஒற்றைக்குரல் போய்விடும். கச்சேரியில் 'மூட் இண்டிகோ'வும் உண்டென்றால் அங்கே வையுங்கள். 1930-இல் எல்லிங்டன் செய்தது அது: மேலே ம்யூட் போட்ட டிரம்பெட், அதை ஒட்டிக் கீழே ம்யூட் போட்ட டிராம்போன் உயர்ந்த சுரங்களில், கிளாரினெட்டோ வெகு கீழே தன் அடித்தொண்டையில். வழக்கமான வரிசையில் உச்சியில் வரவேண்டிய கிளாரினெட் அடிக்குப் போனதால்தான் அந்த நிறம். மூவரும் ஒரே மைக்கைச் சுற்றி நெருங்கி நின்று மெதுவாக ஊத வேண்டும். டிராம்போன் உரக்க ஊதினால் கிளாரினெட் காணாமல் போய்விடும்.

பார்ட்டின் தலைப்பில் 'டிரம்பெட்' என்று எழுதாமல் வாசிப்பவரின் பெயரை எழுதுங்கள். எல்லிங்டன் குழுவில் அதுதான் வழக்கம். உங்கள் டிராம்போன்காரருக்கு எந்த உயரத்தில் குரல் இனிக்கிறது என்று கேட்டுவிட்டு அதற்கேற்ப எழுதினால் பாதி வேலை முடிந்தது.