ஹெய்லி குப்பி சாம்பல் டெல்லியைத் தாண்டிய ராத்திரி: அனுபவப் பகிர்வு

துவாரகா செக்டர் 10

2025 நவம்பர் 24, ராத்திரி 11 மணி வாக்கில் நம்ம தலைக்கு மேல வந்துச்சே ஹெய்லி குப்பி எரிமலைச் சாம்பல், அதைப் பத்தித்தான். எத்தியோப்பியா, ஏமன், ஓமன், அரபிக்கடல்னு வந்த வழி எல்லாருக்கும் தெரியும். உறுத்தறது அந்த ‘சாம்பல்’ங்கற சொல்லுதான். மறுநாள் காலையில அடுப்புச் சாம்பல் மாதிரி, ஊதினா போயிடும்னு பேச்சு. இதுல எரிஞ்சது எதுவுமே கிடையாது. பாறைக்குழம்புல நீராவியும் மத்த வாயுக்களும் கரைஞ்சிருக்கும். மேல ஏற ஏற அழுத்தம் குறைஞ்சு குமிழி விடும். குமிழி கிட்டத்தட்ட முக்கால் பங்கை அடைச்சதும் அந்த நுரை தாங்காம சிதறிடும். உடைஞ்ச குமிழிச் சுவர்தான் சாம்பல்; 2 மில்லிமீட்டருக்குக் கீழ உள்ள துண்டுக்கெல்லாம் அந்தப் பேர்தான். பூதக்கண்ணாடியில பார்த்தா கூர்கூரா கண்ணாடிச் சில்லு, கல்லு, படிகம். பட்டம் விடற நூல் மாஞ்சாவுல பூசற தூள் இருக்கே, அதுக்குத்தான் இது சொந்தம், திருநீறுக்கு இல்ல.

வெடிச்ச வேகத்துல சாம்பல் ஏறுறது கொஞ்ச தூரம்தான். அப்புறம் சுத்தி இருக்கற காத்தை உள்ளே இழுத்து, சூடாக்கி, அந்தச் சூட்டுலயே தூக்கிட்டுப் போகும். வெளிக்காத்தும் அதுவும் ஒரே அடர்த்தி ஆகற உயரத்துல நின்னு குடையா விரியும். ஹெய்லி குப்பிக்கு அது சுமார் 14 கி.மீ. அங்கே அடிக்கற மேலைக்காத்து கையில எடுத்துச்சுன்னா ஒண்ணரை நாள்ல டெல்லி.

மஹிபால்பூர்

கண்ணாடின்னு சொன்னீங்க, சரி. எஞ்சினுக்குள்ள அது என்ன ஆகுதுன்னு சொல்லாம விட்டுட்டீங்க. இந்தச் சில்லு சுமார் 1,100 டிகிரியில இளகிடும். பெரிய ஜெட் எஞ்சின் எரியறைச் சூடு அதைவிட எவ்வளவோ அதிகம். உருகினது பின்னால போய் உயர் அழுத்த டர்பைனோட முதல் வரிசையில இருக்கற, சுழலாத நிலை இறக்கைகள்ல ஒட்டும். வழி குறுகும், கம்ப்ரஸருக்கு (காத்தை அமுக்கி உள்ளே தள்ளற பகுதி) பின்னால அழுத்தம் ஏறும், காத்து திருப்பி உதைக்கும், தீ அணைஞ்சிடும். 747 மாதிரி விமானத்துல நாலு எஞ்சினும் ஒரே புகையைத்தான் குடிக்குது, அதனால நாலும் சேர்ந்தே போகும்.

1989 டிசம்பர் 15, அலாஸ்காவுல ரீடவுட் எரிமலை. கேஎல்எம் நிறுவனத்தோட 747 விமானம் சாம்பலை விட்டு வெளியேற முழு பவர் கொடுத்து மேல ஏறுச்சு. அந்தக் கணம்தான் என் தலையை விட்டுப் போகாதது. பவர் கூட்டினா சூடு கூடும், சூடு கூடினா உருகறது கூடும். நாலும் நின்னுச்சு. 4 கி.மீ.க்கு மேல இறங்கினப்புறம்தான் திரும்பப் பத்திச்சு. எஞ்சின் ஆறினதும் ஒட்டின கண்ணாடி விறைச்சு, நொறுங்கி உதிரும். உயிர் பிழைக்க வெச்சது அதுதான்.

அதனால பைலட்டுக்குச் சொல்ற முறை தலைகீழ். ஆட்டோ த்ராட்டில் (பவரைத் தானா கூட்டிக் குறைக்கறது) ஆஃப். கீழே மலை இல்லேன்னா த்ரஸ்டை, அதாவது எஞ்சின் தள்ளுவிசையை, ஐடிலுக்குக் (ரொம்பக் குறைஞ்ச அளவு) குறை. ஏறாதே, வந்த வழியே 180 டிகிரி திரும்பு; முன்னால எத்தனை நூறு கி.மீ. இருக்குன்னு தெரியாது, பின்னால எவ்வளவுன்னு தெரியும். ஆக்ஸிஜன் மாஸ்க் போடு. இக்னிஷன் ஆன். எஞ்சின் ஆன்டி ஐஸ், ஏசி பேக் எல்லாம் ஆன், கம்ப்ரஸர் காத்தை வெளியே எடுத்தா திருப்பி உதைக்கறது குறையும். ஏபியு (துணை எஞ்சின்) ஸ்டார்ட். வேகம் அளக்கற பிட்டோ குழாய் அடைச்சிருக்கலாம், வேகம் காட்டற முள்ளை நம்பாதே, மூக்குச் சாய்வையும் த்ரஸ்டையும் வெச்சு ஓட்டு.

ரேடார்ல தெரியுமேன்னு கேக்காதீங்க. வெதர் ரேடார் மழைத்துளிக்குச் செஞ்சது, இந்தத் தூள் அதுக்குக் கண்ணுலயே படாது. ராத்திரியில கந்தக வாடையும், முன் கண்ணாடியில ஓடற நீல மின்னொளியும்தான் முதல் தகவல்.

மயூர் விஹார்

துவாரகா சார், ‘நம்ம தலைக்கு மேல’ன்னு எழுதினதாலதான் அன்னிக்கு எங்க அபார்ட்மென்ட்ல ஆளாளுக்கு ரெண்டு மாஸ்க். சுமார் 25,000 முதல் 45,000 அடி உயரம் அது. நவம்பர் ராத்திரி டெல்லிக் காத்து தரையில இருந்து சில நூறு மீட்டருக்குள்ளேயே மூடி போட்ட மாதிரி நிக்கும். அன்னிக்கு மூக்குல ஏறினது நம்ம ஊர்ப் புகைதான்.

அதோட, வந்ததெல்லாம் சாம்பலும் இல்ல, கந்தக டையாக்சைடு நிறைய. செயற்கைக்கோள்ல ரெண்டையும் தனித்தனியா பார்க்கணும். 11 மைக்ரான் அகச்சிவப்பு அளவுல இருந்து 12 மைக்ரான் அளவைக் கழிச்சா சிலிகேட் தூள் (சாம்பல்) எதிர்க்குறி (மைனஸ்) காட்டும், சாதாரண மேகம் நேர்க்குறி (ப்ளஸ்). பனிக்கட்டியும் சாம்பலும் கலந்துட்டா குறி அழிஞ்சிடும். வரைபடத்துல ‘இல்ல’ன்னா நிஜமாவே இல்லன்னு அர்த்தமில்ல.

துவாரகா செக்டர் 10

மாஸ்குக்கு நான் பொறுப்பா, மேடம்? ‘தலைக்கு மேல’ன்னா மேலதானே!

ஆர்.கே.புரம்

பாலிக்கு டிக்கெட் போட்டவங்க இருப்பீங்க. 2025 ஜூன் 18 அன்னிக்கு டெல்லியில இருந்து கிளம்பின விமானமே இந்தோனேசியாவோட லெவோடோபி எரிமலை வெடிச்சதால பாதியில திரும்புச்சு. யாரும் கேக்கல, ஆனாலும் சொல்றேன், போன இடத்துல தரையிலேயே சாம்பல் கொட்டினா என்ன பண்றதுன்னு.

கான்டாக்ட் லென்ஸைக் கழட்டிடுங்க, கருவிழியைக் கீறும். என்95 மட்டும், கைக்குட்டை வேண்டாம். கார் வைப்பரை உலர்ந்த கண்ணாடியில போடாதீங்க, முதல்ல தண்ணி ஊத்துங்க, துடைச்சா உப்புத்தாள்தான். காருக்குள்ள ஏசி உள்காத்துச் சுழற்சியில. தண்ணித் தொட்டி மூடியை இறுக்கி, மாடியில இருந்து தொட்டிக்கு வர மழைநீர்க் குழாயைக் கழட்டி விடுங்க. கூட்டறதுக்கு முன்னால லேசா தெளிக்கணும், ஹோஸ் பிடிச்சு அடிச்சா சேறாகி, சாக்கடைக்குள்ள போய் சிமென்ட் மாதிரி உக்காந்துடும். மொட்டை மாடியில நனைஞ்ச சாம்பல் 10 செ.மீ. நின்னா ஒரு சதுர மீட்டருக்கு 100 முதல் 200 கிலோ. 1991 ஜூன் 15 பிலிப்பைன்ஸ்ல பினாட்டுபோ எரிமலை வெடிச்ச அன்னிக்கே யூன்யா புயல் மழையும் சேர்ந்துச்சு. வெடிச்சப்போ செத்தவங்கள்ல பெரும்பாலோர் கூரை இடிஞ்சுதான். ஈரச் சாம்பல் மின்சாரம் கடத்தும், கம்பத்துப் பீங்கான்ல பொறி பறக்கும், கிட்டப் போகாதீங்க.

மஹிபால்பூர்

ஆர்.கே.புரம் அண்ணா, கூரை வரைக்கும் போயிட்டீங்க. விட்ட இடம்: சாம்பலுக்குள்ள போன விமானம் தரையில நல்லா ஓடுதுன்னு அப்படியே அனுப்பக் கூடாது. போரஸ்கோப் (எஞ்சினுக்குள்ள விட்டுப் பார்க்கற குட்டிக் கேமரா) விட்டு டர்பைன் இறக்கையில கண்ணாடிப் படிவு, குளிர்காத்து ஓட்டை அடைப்பு, எரிபொருள் நாஸில், கம்ப்ரஸர் இறக்கை நுனித் தேய்மானம் எல்லாம் பார்க்கணும். எண்ணெய் ஃபில்டர், பிட்டோ, ஏசி ஃபில்டரும்தான். முன் கண்ணாடியைத் துணியால துடைக்கவே கூடாது. 1982ல இந்தோனேசியாவோட கலுங்குங் எரிமலைச் சாம்பலுக்குள்ள போய் ஜகார்த்தாவுல இறங்கின 747க்கு, முன் கண்ணாடி மணல் ஊதின மாதிரி மங்கி, ஓரத்துல ஒரு குறுகலான பட்டை வழியாத்தான் ரன்வே தெரிஞ்சுது.