ஈமெயில், நன்றிக் கடிதம், பந்தி: வன்னிப் பிள்ளைகளுக்கு எழுதப் பழக்கும் ஆசிரியர்களின் அனுபவப் பகிர்வு

ஒவ்வொரு பகுதிக்கும் மேலே நிற்பது பேசுகிற ஆசிரியரின் ஊரும் பாடமும். ஓ.எல் என்பது க.பொ.த சாதாரண தரப் பரீட்சை.

கிளிநொச்சி, ஓ.எல் ஆங்கிலம்

ஈமெயில் பழக்கப் போகிறவர்கள் ஆங்கிலத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, முதலில் பிள்ளையின் கணக்கில் என்ன பெயர் கிடக்கு என்று பாருங்கோ. ஜீமெயில் திறக்கும்போது பெயருக்கு இரண்டு பெட்டி வரும். பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் முன்னுக்கு நிற்பதால் பிள்ளையும் அதையே முதற்பெட்டியில் போடும். விண்ணப்பிக்கிறது மகள், பதில் வருவது "டியர் கந்தசாமி" என்று. முதற்பெட்டியில் தன் பெயர், இரண்டாவதில் தகப்பன் பெயர். முகவரியில் பெயர், முதலெழுத்து, வேண்டுமென்றால் ஒரு இலக்கம். கிங், ஏஞ்சல், ராக்ஸ்டார் எல்லாம் விளையாட்டுக் கணக்கோடு நிற்கட்டும்.

கொமினிகேசன் கடையில் (போன், நெட், போட்டோக்கொப்பிக் கடை) திறந்து கொடுத்த கணக்கென்றால் கடவுச்சொல் கடைக்காரரிடம்தான் இருக்கும். மீட்புக்குக் கொடுத்த இலக்கம் அம்மாவின் பழைய சிம்மாக இருக்கும். நேர்முகத்துக்குக் கூப்பிட்டு ஈமெயில் வந்து கிடக்கும், திறக்க வழியிருக்காது. இந்த இரண்டையும் முதல் வகுப்பிலேயே மாற்ற வையுங்கோ.

நெட் இல்லாத வகுப்புக்கு ஏ4 தாள் போதும். பெறுநர், பிரதி, விடயம், உடல் என்று நாலு பெட்டி கீறச் சொல்லுங்கோ. விடயத்துக்கு ஆறு முதல் எட்டுச் சொல். உடலில் மூன்று சின்னப் பந்தி: நான் யார் (ஒரு வசனம்), எனக்கு என்ன வேண்டும் (இரண்டு), என்ன இணைத்திருக்கிறேன், எப்போதைக்குள் பதில் தேவை (ஒன்று அல்லது இரண்டு). எல்லாமாய் 80 சொல்லைத் தாண்டவேண்டாம்.

விடயப் பெட்டியில்தான் கனபேர் சறுக்குவது. "உதவி", "அவசரம்", "வணக்கம் சேர்" என்று எழுதுவார்கள், இல்லையென்றால் வெறுமனே விடுவார்கள். அதையே "என்.வி.கியூ 4 பாடநெறி: நேர்முகத் திகதி மாற்றக் கோரல்" என்று எழுதினால் (என்.வி.கியூ என்பது தேசிய தொழிற்தகைமை) அலுவலர் திறக்க முதலே விசயம் விளங்கிவிடும். நாங்கள் பழகிய தமிழ் விண்ணப்பம் சுகம் விசாரித்து, குடும்ப நிலை சொல்லி, கடைசிப் பந்தியில்தான் கேட்கும். ஈமெயிலில் அந்தக் கடைசிப் பந்தியைத் தூக்கி முன்னுக்குப் போடவேண்டும்.

வவுனியா, பல்கலைக்கழக முதல் வருட ஆங்கிலம்

வவுனியாப் பல்கலைக்கழகத்துக்கும் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கிற யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பீடங்களுக்கும் வருகிற பிள்ளைகளில் அநேகர் தமிழ் மொழிமூலம் படித்தவர்கள். அவர்களிடம் தென்படுகிற பெரிய குறை இலக்கணமில்லை, வாட்ஸப் பழக்கம். "சேர்" என்று ஒரு மெயில், "அசைன்மென்ட்" என்று இன்னொன்று, பைல் மூன்றாவதில். பதிவெண், பாடக் குறியீடு, எத்தனையாவது ஒப்படை என்ற மூன்றும் இல்லாத மெயிலுக்கு விரிவுரையாளர் பதில் எழுத நினைத்தாலும் ஆளைத் தேடிப் பிடிக்க ஏலாது.

"டியர்" எழுதப் பிள்ளைகள் கூசுவார்கள், முக்கியமாய்ப் பெண்பிள்ளைகள். "அன்பே" என்று எழுதுவதாய் அவர்களுக்குப் படுகிறது. அதனால் "ரெஸ்பெக்டட் சேர்" என்று தொடங்குவார்கள். பிழை என்று அடிக்கவேண்டாம், ஆனால் வெளிநாட்டு வாசகருக்கு அது பழங்காலத்து வாசனை. கடிதத்தில் "டியர்" வெறும் வாசல்படி என்று சொல்லிக் கொடுத்தால் கூச்சம் போய்விடும். முடிப்பை அதோடு சேர்த்தே பழக்குங்கோ: "டியர் சேர்" என்றால் "யுவர்ஸ் ஃபெயித்ஃபுலி", பெயர் சொல்லி விளித்தால் "யுவர்ஸ் சின்சியர்லி". ஈமெயிலுக்கு "கைண்ட் ரிகார்ட்ஸ்" தாராளம்.

முல்லைத்தீவு, தகவல் தொழினுட்பம்

தமிழில் ஈமெயில் எழுதுகிறவர்களுக்கு ஒன்று. வேர்டில் பாமினி எழுத்துருவில் அடித்ததை அப்படியே ஒட்டினால், போய்ச் சேருகிற இடத்தில் ஆங்கில எழுத்துக் குப்பையாய்த்தான் தெரியும். அம்மா என்ற சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று நிற்கும். பாமினி உண்மையில் ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உடுப்புப் போட்டது. ஜீமெயிலில் அந்த உடுப்பு இல்லை. யூனிகோடுக்கு, அதாவது எந்தக் கருவியிலும் தமிழாகவே தெரிகிற எழுத்து முறைக்கு, மாற்றி ஒட்டவேண்டும், அல்லது போனில் தமிழ் விசைப்பலகையிலேயே அடிக்கவேண்டும். மாற்றியபின் ஒருதரம் வாசியுங்கோ, அங்கொன்று இங்கொன்று உடைந்திருக்கும்.

துணுக்காய், ஆரம்பப் பிரிவும் இடைநிலையும்

நன்றிக் கடிதம்தான் எங்கள் பக்கத்தில் அதிகம் எழுதப்படுகிறது, மோசமாய் எழுதப்படுவதும் அதுதான். புலம்பெயர்ந்த உறவுகள் சைக்கிளோ கொப்பியோ அனுப்புவார்கள். உடனே ஆசிரியர் கரும்பலகையில் ஒரு கடிதம் எழுத, 30 பிள்ளைகளும் பார்த்து எழுதுவார்கள். பெயர் மட்டும் மாறும். வாசிக்கிறவர் மூன்றாவது கடிதத்தோடு நிறுத்திவிடுவார்.

நாலு விசயம் வந்தால் போதும்: என்ன கிடைத்தது, எப்போது கிடைத்தது, அதை வைத்து இப்போது என்ன செய்கிறேன், நன்றி. மூன்றாவதில் நேரத்தைச் செலவழியுங்கோ. "சைக்கிள் எனக்கு மிகவும் பயனுள்ளதாக இருக்கிறது" என்ற வரியில் ஒன்றுமே இல்லை. "முந்தி ஆறேகாலுக்கு நடக்கத் தொடங்குவேன், இப்ப ஏழு மணிக்கு வெளிக்கிடுகிறேன். தங்கச்சி பின்னுக்கு இருப்பாள். பின் சில்லுக்கு ஒருக்கா காற்றுப் போனது, நானே ஒட்டினேன்" என்றால் கொடுத்தவருக்குச் சைக்கிள் கண்ணில் தெரியும். இந்த வரி வர, பிள்ளையிடம் வாயால் கேளுங்கோ: நேற்று அதை எங்கே கொண்டு போனனீ? சொன்னதை அப்படியே எழுதச் சொல்லுங்கோ.

இரண்டு வரிக்கு இடம் கொடுக்கவேண்டாம். ஒன்று, "இன்னும் உதவி செய்யுங்கள்". கேட்க வேண்டியதை வேறு கடிதத்தில் கேட்கலாம். மற்றது, வீட்டு இழப்பு. தகப்பன் இல்லை, காணாமல் போனார் என்பதையெல்லாம் ஒரு சப்பாத்துக்குக் கைமாறாய்ப் பிள்ளை எழுதக்கூடாது.

கிளிநொச்சி, ஓ.எல் ஆங்கிலம்

கடைசியாய்ச் சொன்னதோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. தானாக எழுத விரும்புகிற பிள்ளையும் உண்டு.

துணுக்காய்

தானாக எழுதினால் விடுங்கோ. கரும்பலகையில் அந்த வரி இருக்கக்கூடாது என்பதுதான் என் கதை.

மாங்குளம், ஆங்கிலம்

ஓ.எல்லில் சின்னப் பந்தி 50–60 சொல், கடிதம் ஏறக்குறைய 100, கட்டுரை 200. சின்னப் பந்திக்குக் கணக்கு லேசு: ஆறு வசனம், ஒவ்வொன்றும் ஒன்பது பத்துச் சொல். தலைப்பு கிளிநொச்சியின் இரணைமடுக் குளம் என்றால் ஆறு கேள்வி: எங்கே இருக்கு, தண்ணி எங்கிருந்து வருது, எப்ப பார்க்க வடிவு, யார் வருவினம், என்ன செய்வினம், எனக்கு ஏன் பிடிக்கும். ஒரு கேள்விக்கு ஒரு வசனம். குளத்துக்குத் தண்ணி கொண்டுவருகிற கனகராயன் ஆறு என்ற பெயர் ஒன்று வந்தாலே மனப்பாடப் பந்தி இல்லையென்று திருத்துகிறவருக்குத் தெரிந்துவிடும்.

பிழை வருகிற இடமும் தெரிந்ததுதான். தமிழில் எழுவாயை விழுங்கலாம். "மாரியில வான்கதவு திறப்பினம்" என்றால் யார் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். அதைப் பிள்ளை "இன் த ரெய்னி சீசன் ஓப்பன் த கேட்ஸ்" என்று எழுதும். ஆங்கிலத்தில் அது கதவைத் திற என்ற கட்டளை! "த கேட்ஸ் ஆர் ஓப்பன்ட்" என்று திருத்தும்போது காரணத்தையும் சொல்லுங்கோ: ஆள் தெரியாவிட்டால் திறக்கப்படும் பொருளை முன்னுக்குக் கொண்டு வா. சிவப்புப் பேனையால் எல்லாப் பிழையையும் வட்டமிட்டால் பிள்ளை கொப்பியை மூடிவிடும். ஒரு பந்திக்கு ஒரு வகைப் பிழை மட்டும் திருத்தி, அதே பந்தியைத் திரும்ப எழுத வையுங்கோ.

முல்லைத்தீவு, தகவல் தொழினுட்பம்

இணைப்பைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. சீ.வியைப் போனில் படமெடுத்து நாலு படமாய் அனுப்பவேண்டாம், ஒரே பிடிஎஃப். பைல் பெயர் பிள்ளையின் பெயராய் இருக்கட்டும், "ஸ்கேன் 0012" என்று விடவேண்டாம். முதலில் பைலை இணை, பிறகு உடலை எழுது, பெறுநர் முகவரியைக் கடைசியாய்ப் போடு. முகவரி இல்லாமல் தவறுதலாய்ப் பொத்தானை அமத்தினாலும் மெயில் போகாது. கணினியில் ஜீமெயில் அமைப்புக்குப் போய், அனுப்பியதைத் திரும்ப எடுக்கும் நேரத்தை 5 செக்கனிலிருந்து 30 ஆக்கிவிடுங்கோ.