மறு: தொழிற்சுற்றுலாவா, ஆலையுலாவா?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

இயங்கிக்கொண்டிருக்கும் தொழிற்சாலைக்குள்ளும் மின் நிலையத்துக்குள்ளும் பொதுமக்கள் போய்ப் பார்ப்பதற்கு (ஆங்கிலத்தில் industrial tourism) தமிழில் என்ன பெயர் வைப்பது என்று நம் மடல்களில் பேசிவருகிறோம். 'தொழிற்சுற்றுலா' என்பதையே சொற்பட்டியலில் ஏற்றிவிடலாம் என்று மன்னார்குடி ஆசிரியர் ஐயா எழுதியிருக்கிறார். சொல் சுருக்கமாக இருக்கிறது, புணர்ச்சியிலும் குறையில்லை. ஆனாலும் எனக்கு உடன்பாடில்லை. மருத்துவச் சுற்றுலா என்றால் மருத்துவமனையை வேடிக்கை பார்க்கப் போவதா? வைத்தியம் செய்துகொள்ளப் போவது. அதே தடத்தில் போனால், கரூர் வணிகர் ஜவுளி மாதிரிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு ஜெர்மனிக்குப் பறப்பதுதான் தொழிற்சுற்றுலா ஆகும். வேளாண் சுற்றுலாவைக் காட்டி ஐயா மறுக்கலாம்; அங்கே போகிறவர் வயலைப் பார்க்கத்தான் போகிறார், உழப் போகவில்லை. ஒரே அச்சில் வார்த்த இரண்டு சொற்கள் இரண்டு விதமாகப் பொருள் தருகின்றன என்றால், மூன்றாவதையும் அதே அச்சில் வார்ப்பானேன்? போதாக்குறைக்கு, முன்பின்னாக மாற்றினால் அது சுற்றுலாத் தொழில். தலைப்பை அவசரத்தில் சுருக்கும் துணையாசிரியர் ஒருவர் போதும், இரண்டும் ஒன்றாகிவிடும்.

பெயர் வைக்கப்போகும் பொருளை முதலில் பார்ப்போம். குத்தாலம் பக்கத்திலும் திருமாக்கோட்டையிலும் எரிவாயுச் சுழலி (டர்பைன்) மின் நிலையங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் சுமார் 100 மெகாவாட். காவிரிப் படுகையின் வயல்களுக்கு அடியிலிருந்து வரும் வாயுவை எரிக்கிறார்கள். எரிந்து வெளியேறும் புகை அப்போதும் ஐந்நூறு டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும். அதை வீணாக்காமல் கொதிகலனுக்குள் விட்டு நீராவி எடுத்து, இரண்டாவது சுழலியையும் சுற்றவைக்கிறார்கள். இத்தகைய நிலையத்துக்குள் பொதுமக்களை அனுமதித்தால் என்ன நடக்கும்? கைபேசியும் தீப்பெட்டியும் வாயிலிலேயே வாங்கி வைக்கப்படும். தலைக்கவசம், காதடைப்பான். தரையில் மஞ்சள் கோடு; அதைத் தாண்டக் கூடாது. சுழலிக் கூடத்தில் வழிகாட்டி வாயசைப்பது மட்டுமே தெரியும். கட்டுப்பாட்டு அறைக்கு வந்தபின்தான் பேச்சு காதில் விழும். அங்கே சுவரில் ஓர் எண் ஓடிக்கொண்டிருக்கும்: 49.98, 50.01, 49.97. அது மின்னோட்டத்தின் அலைவெண், அதாவது மின்னோட்டம் நொடிக்கு எத்தனை முறை அலைகிறது என்ற கணக்கு. தேவை கூடினால் எண் இறங்கும், குறைந்தால் ஏறும். தென்னகத்துக்கு மட்டுமல்ல, காஷ்மீர் வரை அதே எண்தான். குறுவைக்கு மோட்டார் போடும் விவசாயிக்கு அந்த எண்ணை ஒரு தடவை காட்ட வேண்டும் என்பது என் ஆசை. பிற்பாடு மின்வாரியத்தைத் திட்டினாலும் விவரம் தெரிந்து திட்டுவார்.

இதற்குப் பெயர் சுற்றுலாவா? பேருந்தில் வந்ததற்கு வேண்டுமானால் அது பெயர். மதிலுக்கு அப்புறம் இரண்டு வயல் தள்ளிக் குடியிருப்பவர் உள்ளே வந்து பார்ப்பதற்கும் அந்தப் பெயர் பொருந்த வேண்டுமே. பிரான்சில் அணுமின் நிலையங்களைப் பார்க்க முன்பதிவு செய்து, அடையாள அட்டை விவரங்களைக் கொடுத்து, அனுமதி வாங்கிப் போகிறார்கள். அயலூர்க்காரர்கள் மட்டுமா போகிறார்கள்? நிலையத்தின் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடமும் போகும். ஆகவே அந்தச் செயலைக் குறிக்க நமக்குச் சிறிய சொல் ஒன்று வேண்டும். சுற்றுலாத் துறையின் ஒரு பிரிவைக் குறிக்க இன்னொன்று. இதுவரை வந்த மடல்கள் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டன.

முதலாவதற்கு என் பரிந்துரை 'ஆலையுலா'.

ஆலை என்றதும் இங்கே எல்லோருக்கும் சர்க்கரை ஆலைதான் நினைவுக்கு வரும், மின் நிலையத்தை எவரும் ஆலை என்று சொல்வதில்லை என்று குத்தாலம் பொறியாளர் அம்மா எழுதியிருந்தார். உண்மைதான். ஆனால் காற்றில் மின்சாரம் எடுப்பதைக் காற்றாலை என்று நாடே ஏற்றுக்கொண்டுவிட்டது. வாயுவில் எடுப்பதற்கு மட்டும் ஏன் தயக்கம்? கரும்பு வாடை அடிப்பதும் எனக்குக் குறையாகப் படவில்லை. சோழநாட்டைப் பாடும் பட்டினப்பாலையின் தொடக்கத்திலேயே கரும்பாலை வருகிறது. அதன் நெருப்பு வெக்கை பட்டு, பக்கத்து நீர்வயலில் பூத்த நெய்தல் வாடுகிறது. ஆலையையும் அது பக்கத்து வயலுக்குச் செய்வதையும் சேர்த்தே பார்த்திருக்கிறார் புலவர். இன்றைக்கு உள்ளே அழைத்துப் போகிறவர்கள் சுழலியைக் காட்டுவார்கள். குளிர்விக்கும் நீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று கேட்டால் காட்டுவார்களா, தெரியவில்லை. கேட்பதற்கும் இடமுள்ள சொல்லாக இருக்கட்டும்.

'ஆலைவலம்' என்று சொன்ன குடந்தை நண்பருக்கு: நகர்வலம், கிரிவலம் என்ற வரிசையில் அழகாகத்தான் வருகிறது. நானும் சிறிது நேரம் மயங்கினேன். ஆனால் கும்பகோணத்தில் நின்றுகொண்டு அதை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஆலயவலம் என்றுதான் கேட்பவர் காதில் விழும். நவக்கிரகக் கோயில்களுக்குப் பேருந்து புறப்படும் ஊரில் அந்த அறிவிப்பை நம்பி ஏறும் பாட்டிக்கு யார் பதில் சொல்வது? திருக்கடையூரில் மணிவிழா முடித்த குடும்பம் பக்கத்துப் பிள்ளைபெருமாள்நல்லூர் மின் நிலைய வாசலில் போய் இறங்கி, சந்நிதி எங்கே என்று கேட்கும்.

உலா என்ற பகுதிக்கும் ஓர் ஆட்சேபம் வரும் என்று தெரியும். உலா இலக்கியத்தில் வீதியில் வருகிறவன்தான் பார்க்கப்படுகிறவன். பேதை முதல் பேரிளம்பெண் வரை நின்று பார்க்கிறார்கள். இங்கே நிற்பது இயந்திரம், நடப்பது பார்ப்பவர். தலைகீழாகிறதே என்பார்கள். சுற்றுலா என்ற சொல்லிலேயே அந்த உலா தலைகீழாகித்தான் உட்கார்ந்திருக்கிறது, அதை நாம் சகித்துக்கொண்டு எத்தனையோ காலமாயிற்று. அதிலிருந்து சுற்றை எடுத்துவிடுகிறேன், அவ்வளவுதான்.

புழங்கிப் பார்க்கலாம். 'ஆலையுலாவுக்கு முன்பதிவு அவசியம்.' 'பராமரிப்புப் பணி காரணமாக இன்று ஆலையுலா இல்லை.' 'பதினொன்றாம் வகுப்பு மாணவர்கள் ஆலையுலா சென்றனர்.' அறிவிப்புப் பலகையிலும் பள்ளி ஆண்டறிக்கையிலும் நெருடாமல் உட்காருகிறது. கல்லூரிப் பிள்ளைகள் ஐ.வி. (இண்டஸ்ட்ரியல் விசிட்) என்பதை விடமாட்டார்கள், அதில் தலையிட எனக்கு விருப்பமில்லை.

துறைப் பிரிவுக்குத் 'தொழிலகச் சுற்றுலா' போதும். தொழிலகம் என்று இடத்தைச் சொல்லிவிடுவதால் முதலில் சொன்ன மயக்கம் வராது.

இயக்கம் நின்று மூடப்பட்ட இடங்களை இதில் சேர்க்க வேண்டாம். ஜெர்மனியில் எசன் நகரத்து சோல்ஃபெரைன் நிலக்கரிச் சுரங்கம் 1986இல் மூடப்பட்டு 2001இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. அது தொழில்மரபு, வேறு தலைப்பு. ஆஸ்திரியாவின் ஸ்வென்டென்டோர்ஃப் அணுமின் நிலையத்தை எதில் சேர்ப்பது என்பதுதான் சிக்கல். கட்டி முடித்தார்கள், 1978இல் மக்கள் வாக்கெடுப்பில் வேண்டாம் என்றார்கள், ஒரு நாளும் ஓடவில்லை. இப்போது உள்ளே போய் உலையையே எட்டிப் பார்க்கலாம். ஓடினால்தானே ஆலை, பழையதானால்தானே மரபு? பொறியாளர் அம்மா இதற்கு ஒரு வழி சொல்லட்டும். 'உலையுலா' என்று மட்டும் யாரும் எழுதி அனுப்பிவிடாதீர்கள்.

அன்புடன்,
மயிலாடுதுறையிலிருந்து